செம்பரம்பாக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னையில் எல்லோரும் ஏரிக் கணக்குப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி, எத்தனை கன அடி திறந்தார்கள்? அக்கறை நல்லதுதான். ஆனால் அடையாற்றங்கரைக் குடியிருப்புகளுக்கு வெள்ள முன்னேற்பாடு சொல்லித்தரும் பொறியாளனாக எனக்கு இதில் பெரிய கவலை உண்டு.

2015 டிசம்பர் 1 அன்று அந்த ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்ததைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அதே மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்த தண்ணீரும் அடையாற்றில்தான் இறங்கியது. ஏரி நிரம்பினால் தண்ணீர் தானாக வழிந்தோடும் கலங்கலில், அதை நிறுத்தப் பெரும்பாலும் ஷட்டர் கிடையாது. ஆகவே செம்பரம்பாக்கம் மதகு மூடியிருக்கிறது என்ற செய்தியை நம்பி, சைதாப்பேட்டையிலோ ஜாபர்கான்பேட்டையிலோ நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. போதாக்குறைக்கு முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால் வெள்ளம் வடியவும் நேரமாகும்.

வெள்ளம் என்றதும் தெருவில் புரண்டு வரும் தண்ணீரைத்தான் நினைக்கிறோம். கரையோரத் தரைத்தள வீடுகளில் அது கழிவறை வழியாகவே முதலில் வந்துவிடலாம். ஆற்று மட்டம் வடிகால் வாயைவிட உயர்ந்துவிட்டால், வெளியே போகவேண்டிய தண்ணீர் எதிர்த்துத் திரும்பும்; பாதாளச் சாக்கடையும் ததும்பும். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையில் குமிழி விட்டுக் கறுப்பாகத் தண்ணீர் எழும்பினால், தெருவில் ஈரமே இல்லாவிட்டாலும் பெரியவர்களையும் குழந்தைகளையும் உடனே மேல்தளத்துக்கு அனுப்பிவிடுங்கள். மெயினை அணையுங்கள்.

அடுக்குமாடிகளில் நான் முதலில் போய்ப் பார்ப்பது கார் நிறுத்துமிடத்தில் இருக்கும் மீட்டர் போர்டைத்தான். பெரும்பாலும் இடுப்பு உயரம், நெஞ்சு உயரம். பக்கத்திலேயே தரையோடு தரையாக ஜெனரேட்டர். இரண்டும் மூழ்கிவிட்டால் லிஃப்ட், மோட்டார், போன் சார்ஜ் எல்லாமே போச்சு. வீட்டில் ஆக்ஸிஜன் கருவியை நம்பி இருப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். 2015-இல் தண்ணீர் நின்ற கறையைப் பல இடங்களில் பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த உயரத்தைக் கல்லில் குறித்து வையுங்கள். மீட்டர் போர்டை அதற்கு மேலே மாற்ற மின்வாரியத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். அக்டோபரில் ஓடினால் நடக்காது. அப்புறம் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடி. சாக்கடை கலந்த வெள்ளம் உள்ளே இறங்கிவிட்டால், முழுதும் இறைத்துக் கழுவி குளோரின் போடாமல் அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது.

இதெல்லாம் நாம் செய்யக்கூடியது. மாநகராட்சியும் நீர்வளத் துறையும் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. "கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்கவும்" என்ற அறிவிப்பை வைத்துக்கொண்டு நள்ளிரவில் ஒரு குடும்பம் என்ன முடிவெடுக்கும்? சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் தண்ணீர் இந்த அளவைத் தொட்டால் இன்னின்ன தெருக்களில் புகும், இத்தனை மணி நேரத்துக்குள் இந்தப் பள்ளிக்குப் போங்கள் என்று தெருப் பெயரோடு சொல்லவேண்டும். அந்தப் பட்டியலை மழைக்கு முன்பே வார்டு வாரியாக ஒட்டவேண்டும். உங்கள் கவுன்சிலரைப் பார்க்கும்போது இதைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.