கரகம்: ஆட்டமா, கலமா?

சைத்ர மாதப் பௌர்ணமி இரவு. பெங்களூரு திகளர்பேட்டையில் கரக ஊர்வலம் பார்க்க ஒரு கடைத் திண்ணையில் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தோம். மதுரையிலிருந்து வந்திருந்த அத்தை மகள் நள்ளிரவு தாண்டியதும் பொறுமை இழந்தாள். "நையாண்டி மேளம் எப்போது வரும்?" வராது என்றேன். அவளுக்குக் கரகம் என்றால் கரகாட்டம். இந்தப் பேட்டைக்குக் கரகம் என்றால் திரௌபதி அம்மன்.

பழைய பொருள் இரண்டுமில்லை, நீர்க்கலம். தொல்காப்பிய மரபியல் அந்தணர்க்கு உரியவற்றை 'நூலே கரகம் முக்கோல் மணையே' என்று அடுக்குகிறது. அங்கே அது கமண்டலம். புறநானூற்றுக் கடவுள் வாழ்த்திலோ சிவனுடையது 'நீரறவு அறியாக் கரகம்', நீர் வற்றாத கலம். வடமொழியிலும் 'கரக' இதே பொருளில் உண்டு. கலத்தின் பெயர் அதைச் சுமந்து ஆடும் ஆட்டத்துக்கு வந்தது பிற்பாடு. பள்ளியில் படித்த ஆகுபெயர்தான்.

கன்னடத்தில் எழுத்தெழுத்தாகப் பிரித்தும் பொருள் சொல்வார்கள்: கையால் தொடாதது, ருண்டத்தில் (தலையில்) தரிப்பது, கதியுடன் நகர்வது. கேட்க அழகு. ஆனால் வழக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு ஒட்டவைத்த விளக்கம் இது. வழக்கம் என்னவோ அப்படியேதான்: தர்மராயர் கோயில் பூசாரி புடவையும் வளையலும் தாலியும் அணிந்து, மல்லிகைக் கோபுரமாய் உயர்ந்த கரகத்தைக் கைபடாமல் தலையில் ஏந்தி வருகிறார். சுற்றிலும் உருவிய வாளுடன் கரகத்துக்குக் காவலாக வரும் வீரகுமாரர்கள். வழியில் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் கரகம் போகிறது.

பௌர்ணமிக்கு முன்பே 'ஹசி கரகம்' என்றொரு சடங்கு உண்டு. சூளை காணாத மண்ணில் செய்த கரகம் அது. கன்னட ஹாலு நமக்குப் பால், ஹுலி நமக்குப் புலி. அதே கணக்கில் ஹசி நம் 'பசு'; மாடு அல்ல, சுடாத, ஈரமான என்ற பொருளில் வரும் பசு. வள்ளுவர் 660ஆம் குறளில் 'பசுமண் கலத்துள்நீர் பெய்திரீஇ யற்று' என்கிறாரே, அதே பசுமண். எனவே ஹசி கரகத்துக்குப் பசுமண் கரகம் என்பதே என் தேர்வு. 'பச்சைக் கரகம்' என்று எழுதினால் நிறம் என்று நினைத்துவிடுவார்கள். இந்தச் சடங்கு நடக்கும் சம்பங்கி ஏரியின் மேல் இன்று கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது. கரகத்துக்காக ஓரத்தில் ஒரு சிறு குளம் மட்டும் மிச்சம்.

கரகம் என்ற சொல்லுக்குத் தமிழில் வேறு சொல் தேட வேண்டியதில்லை. ஆட்டத்துக்குத்தான் பழம்பெயர் வேண்டும் என்றால், சிலப்பதிகாரம் சொல்லும் பதினோராடலில் மாயவன் ஆடிய குடக்கூத்து இருக்கிறது. ஆனால் அது திகளர்பேட்டை ஊர்வலத்துக்குப் பொருந்தாது.

தூரத்தில் 'கோவிந்தா' என்ற குரல் எழுந்தது. கரகம் கண்ணில் படுவதற்கு முன்பே மல்லிகை வாசம் வந்துவிட்டது. அத்தை மகள் மேளத்தை மறந்து திண்ணையில் ஏறி நின்றுகொண்டாள்.