அரைஞாண் கயிற்றுக்கு அடியில் ஒரு கரும்புண்

காலாண்டு விடுமுறை முடிந்து பத்துப் பதினைந்து நாட்கள் ஆனபின் காய்ச்சலோடு வரும் குழந்தைகளின் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, "லீவுக்கு எங்கே போனீர்கள்?" என்றுதான். பொள்ளாச்சிப் பக்கம் குழந்தை மருத்துவம் பார்ப்பவருக்கு இது பழகிவிடும். டாப்ஸ்லிப், வால்பாறை என்று மலைக்காட்டு இடங்கள் பதிலாக வந்தால், அடுத்து குழந்தையின் உடைகளைக் கழற்றச் சொல்வேன்.

கிளம்பும் முன் பெற்றோர் பயப்படுவதெல்லாம் வேறு. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுப்பானே என்பார்கள். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், வண்டியில் செல்போனைக் கொடுக்காதீர்கள், அது போதும். அட்டை கடித்தால் ரத்தம் சற்று நேரம் கசியும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். எனக்குக் கவலை, கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பற்றி.

மூன்று வயதுப் பையன். ஏழு நாட்களாக விடாத காய்ச்சல். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்று பரிசோதனைத் தாள்கள் ஒரு கற்றை. அதற்குள் இரண்டு வகை ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது. மூச்சு வேகமாக இருந்தது, ஈரல் கொஞ்சம் வீங்கியிருந்தது. அரைஞாண் கயிற்றை விலக்கிப் பார்த்தேன். மிளகளவில் ஒரு கருத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். சிகரெட்டால் சுட்டது போல. "கயிறு உரசின புண்ணுங்க, தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார் அமுச்சி, அதாவது பையனின் அம்மாவைப் பெற்ற பாட்டி. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை என்பதால் பையனும் அதைக் காட்டி அழவில்லை.

ஸ்க்ரப் டைபஸ். செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. அந்தப் பெயரைக் கேட்டு எல்லோரும் வீட்டு நாயைச் சந்தேகிக்கிறார்கள். பாவம், நாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு நுண்ணிய பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது இது. அந்தக் குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆடை இறுகும் இடங்களையும் மறைவான மடிப்புகளையும் தேடிப் போகும்: இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம். பெரும்பாலும் கடித்து ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள், சிலருக்கு மூன்று வாரம் வரைகூட ஆகி, காய்ச்சல் தொடங்கும். எல்லாருக்கும் பொருக்கு இருக்காது, அதனால் அது இல்லை என்று நிம்மதி அடையவும் முடியாது. முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனையே ஏமாற்றிவிடலாம்.

வழக்கமாகக் காய்ச்சலுக்கு எழுதித் தரும் அமாக்சிசிலின், செஃபிக்சிம் இதில் வேலை செய்யாது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். டாக்சிசைக்ளின் பல்லைக் கறையாக்கும் என்ற பழைய பயம் சில நாள் சிகிச்சைக்குப் பொருந்தாது. பெரும்பாலும் இரண்டு நாட்களில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நுரையீரலையும் மூளையையும் தாக்கும்.

அந்தப் பையனின் அப்பா போனில் ஒரு படம் காட்டினார். காட்டேஜ் முன்னால் புல்தரையில் பிள்ளைகள் இருவரும் உருண்டுகொண்டிருக்கிறார்கள். பின்னால் வேலிப் புதரில் சட்டையும் டவுசரும் காய்கின்றன. எனக்கு அந்த ஒரு படம் போதுமாக இருந்தது. புல்லில் உட்காருவதற்கு முன் பாயோ தார்ப்பாலினோ விரியுங்கள். துணியைக் கொடியில் காயப்போடுங்கள். நடக்கும்போது முழுக்கால் சட்டையை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். பூச்சி விரட்டும் கிரீமைக் குழந்தையின் கைகளிலும் கண்ணருகிலும் தடவாதீர்கள். அந்தக் கை வாய்க்குத்தான் போகும். அறைக்குத் திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினால், ஒட்டியிருக்கும் பூச்சி பெரும்பாலும் போய்விடும். போட்டிருந்த துணிகளை வெந்நீரில் துவைத்துவிடுங்கள்.

ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் காட்டுக்குப் போய் வந்ததைச் சொல்லிவிடுங்கள். அந்தப் பையனுக்கு மூன்றாம் நாள் பசி எடுத்தது. வீடு திரும்பும்போது இடுப்பில் புதுக் கயிறு கட்டியிருந்தார் அமுச்சி, கொஞ்சம் தளர்வாக.