எச்சரிக்கை ஏன் மேலே போய்ச் சேருவதில்லை?

"படித்தவர்களும் அனுபவசாலிகளும் நிறைந்த நிறுவனம்கூட, உள்ளே பலருக்கும் தவறு என்று தெரிந்த முடிவை எப்படி எடுக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பேராசை, திறமைக் குறைவு என்று சொல்லிவிடலாம். ஆனால் பெரிய தோல்விகளைப் பற்றிய விசாரணை அறிக்கைகளைப் படித்தால் வேறொன்று திரும்பத் திரும்பத் தட்டுப்படும். தேவையான தகவல் நிறுவனத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. முடிவெடுப்பவரின் மேசைக்கு வரும்போது உருமாறியிருக்கிறது. அப்படி உருமாற்றுவது அந்த நிறுவனத்தின் பண்பாடு.

பண்பாடு என்றதும் சுவரில் தொங்கும் கொள்கை வாசகங்கள் நினைவுக்கு வரும். நிறுவனப் பண்பாட்டை ஆராய்ந்த எட்கர் ஷைன் அதை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார்: கண்ணுக்குத் தெரிபவை, வாயால் சொல்லப்படுபவை, யாரும் சொல்லாமலே எல்லோரும் நம்புபவை. முடிவுகளை ஆட்டிவைப்பது மூன்றாவது அடுக்குதான். "தீர்வு இல்லாமல் பிரச்சினையைக் கொண்டு வராதே" என்ற எழுதாத விதி பல அலுவலகங்களில் உண்டு. கேட்கப் பொறுப்பானதாகத்தான் இருக்கிறது. விளைவைப் பாருங்கள்: தீர்வு இன்னும் தெரியாத பிரச்சினைகள்தான் மிக ஆபத்தானவை, அவை மட்டும் மேலே போகாது.

இந்த மூன்றாவது அடுக்கு நாட்டுக்கு நாடு மாறுகிறதா? டச்சு ஆய்வாளர் ஹெர்ட் ஹாப்ஸ்டெட் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டப்பட்ட 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை அலசினார். ஒரே நிறுவனம், ஒரே வகை வேலை, ஆனாலும் "மேலாளரோடு கருத்து வேறுபாட்டைச் சொல்ல ஊழியர்கள் எவ்வளவு அடிக்கடி பயப்படுகிறார்கள்?" என்ற கேள்விக்கான பதில்கள் நாடுகளுக்கிடையே வெகுவாக வேறுபட்டன. இதுபோன்ற கேள்விகளிலிருந்து அவர் வகுத்த அளவுக்கு அதிகார இடைவெளி என்று பெயர். ஒரு எச்சரிக்கை: அந்த எண்கள் நாட்டின் சராசரிகள். அவற்றைத் தனி மனிதரின் நெற்றியில் ஒட்டி, "இந்த நாட்டுக்காரர் இப்படித்தான் முடிவெடுப்பார்" என்று பயிற்சி வகுப்பு நடத்துவது ராசிபலன் பார்ப்பதுபோலத்தான். அந்த வகுப்புகளுக்கு நிறுவனங்கள் செலவழிக்கும் பணம் வீண் என்பது என் உறுதியான கருத்து.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். தொழிலாளி "இந்தப் பாகம் உடையும்" என்கிறார். சூப்பர்வைசர் அதை "உடைய வாய்ப்பு உண்டு" என்று எழுதுகிறார். துறைத் தலைவரின் அறிக்கையில் "சிறு கவலை" ஆகிறது. இயக்குநர் பார்க்கும் பக்கத்தில் "கவனிக்க வேண்டிய அம்சங்களில் ஒன்று" என்று கடைசி வரிக்குப் போய்விடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு படியிலும் செய்தியின் வலுவில் 80 விழுக்காடு தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் படியில் 80, அடுத்து 64, பிறகு 51, 41. ஐந்தாவது படியில் 33. ஒவ்வொருவரும் கொஞ்சமே மென்மையாக்கினார்கள், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. படிக்கு 95 விழுக்காடு தங்கினால் அதே ஐந்து படிகளுக்குப் பிறகும் 77 மிஞ்சும். பண்பாட்டின் வேலை இந்த 80க்கும் 95க்கும் இடையில்தான் இருக்கிறது.

ஏன் மென்மையாக்குகிறார்கள்? சொல்வதால் வரும் இழப்பு உடனே வரும், தனக்கே வரும், நிச்சயமாக வரும். சொல்வதால் வரும் நன்மையோ என்றைக்கோ, யாருக்கோ, ஒருவேளை. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. எச்சரிக்கையைக் கேட்டு விபத்தைத் தவிர்த்துவிட்டால், சொன்னவர் சொன்னது சரி என்பதற்குச் சான்றே இல்லாமல் போகிறது. வேலையைத் தாமதப்படுத்தியவர் என்ற பெயர்தான் மிச்சம்.

சுற்றி வளைத்துப் பேசும் பண்பாடு எப்போதும் கெடுதல் என்றும் நினைக்க வேண்டாம். "கொஞ்சம் கடினம்" என்றால் "முடியாது" என்று பொருள் என்பது சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்திருந்தால் ஒன்றும் இழப்பில்லை. கேட்பவர் குறைந்த வலுவைத் தானே கூட்டிக்கொள்வார். இரண்டு நிறுவனங்கள் இணையும்போதுதான் வினை. ஒரு தரப்பு "கொஞ்சம் கடினம்" என்கிறது, மறுதரப்பு "அப்படியானால் முயன்றால் முடியும்" என்று எடுத்துக்கொண்டு கெடு தேதியை அறிவித்துவிடுகிறது. எதிர்த்திசையில், வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லப்பட்ட "முடியாது" அவமதிப்பாகக் கேட்கிறது. சொன்னவருக்கு அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வருவதில்லை.

"அப்படியானால் இரண்டு துறைகள் தனித்தனியே சரிபார்க்கட்டும்" என்பது வழக்கமான மருந்து. ஒவ்வொரு துறையும் பத்தில் ஒரு தவறைத் தவறவிட்டால், இரண்டும் சேர்ந்து தவறவிடுவது நூறில் ஒன்றுதானே? அந்தக் கணக்கு இரண்டும் ஒன்றையொன்று சாராதபோதுதான் செல்லும். இரண்டு துறையினரும் ஒரே தலைவரின் முகம் பார்த்துப் பேசினால், ஒருவர் வாய்மூடும் அதே இடத்தில் மற்றவரும் மூடுவார். பாதுகாப்பு பத்தில் ஒன்றிலேயே நிற்கும். செலவு மட்டும் இரண்டு மடங்கு.

எச்சரிக்கை மேலே போய்ச் சேராமல் போவது 1986 ஜனவரி 27 இரவு கண்கூடாக நடந்தது. சேலஞ்சர் விண்ணோடத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தையோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, 53 பாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 12 செல்சியஸுக்குக் கீழே ஏவக் கூடாது என்று பரிந்துரைத்தார்கள். தொலைபேசி வழிக் கூட்டத்தில் நாசா அதிகாரிகள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். நிறுவனம் இணைப்பைத் துண்டித்துத் தனியே பேச அவகாசம் கேட்டது. அங்கே மேலாளர்கள் மட்டும் முடிவெடுத்தார்கள். பொறியியல் துணைத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் ஒரு மூத்த அதிகாரி. பரிந்துரை தலைகீழானது. மறுநாள் புறப்பட்ட 73ஆவது நொடியில் விண்ணோடம் சிதறி 7 பேர் இறந்தார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது நிரூபிக்கும் பொறுப்பு இடம் மாறியதுதான். "பாதுகாப்பானது என்று காட்டு, பிறகு ஏவலாம்" என்பது வழக்கம். அன்றிரவு "ஆபத்து என்று நிரூபி, அப்போது நிறுத்தலாம்" என்று ஆகிவிட்டது. எந்த நிறுவனத்தின் கூட்டக் குறிப்பிலும் இந்த இடமாற்றத்தைத் தேடிப் பாருங்கள்.

சரி, மாற்ற முடியுமா? கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய தொழிற்சாலை நல்ல சான்று. வேலைக்கு வராமை, மோசமான தரம், ஓயாத தகராறு என்று பெயர் எடுத்திருந்த இடம். 1984இல் டொயோட்டாவோடு கூட்டாக அது திறக்கப்பட்டபோது தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழையவர்களே. சீக்கிரமே தரம் ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்கு இணையாக வந்தது.

அங்கே வந்த மாற்றங்களில் ஒன்று, அசெம்பிளி லைனுக்கு மேலே ஓடும் ஒரு கயிறு. குறை கண்ட தொழிலாளி அதை இழுப்பார். பலகையில் அவருடைய இடத்தின் விளக்கு எரியும், இசை ஒலிக்கும். லைன் உடனே நிற்காது. சில பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இருக்கும் குழுத் தலைவர் ஓடி வருவார். கார் அடுத்த குறியிட்ட இடத்தை அடைவதற்குள் குறை தீர்ந்தால் மறுபடி இழுத்து விளக்கை அணைத்துவிடலாம். தீராவிட்டால் அந்த இடத்தில் லைன் தானாக நிற்கும். இந்த வடிவமைப்பு எத்தனை நுணுக்கமானது! எச்சரிப்பவர் தீர்வோடு வர வேண்டியதில்லை, வாதாட வேண்டியதில்லை. செய்தி ஐந்து படி ஏறுவதும் இல்லை. ஆனால் கயிற்றை மட்டும் வாங்கி மாட்டினால் பயனில்லை. ஓடி வந்தவரின் முதல் கேள்வி "யார் செய்தது?" என்று இருந்தால் அடுத்த நாள் கயிறு இழுபடாது. மேலாளரை அன்றைய உற்பத்தி எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிட்டால், அவரே கயிற்றைத் தொடவிட மாட்டார்.

கூட்டங்களுக்கும் இதே தர்க்கம்தான். கருத்துகளைப் பேசத் தொடங்கும் முன்பே தனித்தனியே எழுதி வாங்க வேண்டும். பதவியில் இளையவர் முதலில், தலைவர் கடைசியில் பேச வேண்டும். அதுவரை தலைவரின் முகமும் பேசக் கூடாது, இங்கேதான் பெரும்பாலும் கெடுகிறது. 1950களில் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தைக் கூட்டமே வேண்டுமென்று தவறாகச் சொன்னபோது, அந்த ஏற்பாடு தெரியாமல் நடுவே இருந்தவரின் பதில்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு போனது. உண்மையைச் சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்ததும் அப்படிப் போன பதில்கள் முன்பிருந்ததில் சுமார் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. எதிர்ப்பவராக நடிக்க ஒருவரை நியமிப்பது இதற்கு மாற்றாகாது. நடிப்பென்று தெரிந்த எதிர்ப்பு, உண்மையான எதிர்ப்பைப்போல மற்றவர்களைச் சிந்திக்கத் தூண்டுவதில்லை என்று சார்லன் நெமத்தின் ஆய்வுகள் காட்டின.

இவற்றைத் தொடங்கும் நிறுவனம் ஒன்றை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். மருத்துவமனைகளில் மருந்து வழங்கும் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தவறுகள் அதிகமாகப் பதிவாவதைக் கண்டு திகைத்தார். அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் தந்த விளக்கம். ஆகவே பயம் குறையத் தொடங்கினால் பதிவாகும் குறைகளின் எண்ணிக்கை முதலில் ஏறும். அந்த ஏற்றத்தைச் சரிவு என்று எண்ணி, எண்ணிக்கையைக் குறைக்க யாருக்கும் இலக்கு வைக்காதீர்கள். வைத்தால் எண்ணிக்கை குறையும், குறைகள் அப்படியே இருக்கும்.