கவரைத் திறந்த பிறகுதான் ஆபத்து: கலங்கிய கடல்நீர்த் தொட்டியும் புது மீனும்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மரைன் டேங்க் வைத்துப் பத்து நாளாகிறது. தண்ணீர் அரிசி கழுவிய தண்ணி மாதிரியே நிற்கிறது. கொளத்தூரில் ஒரு ஜோடி கிளவுன் மீன் சொல்லி வைத்திருக்கிறேன். மீனை விட்டால் தண்ணீர் தானாகத் தெளிந்துவிடும் என்கிறார்கள். விடலாமா?"

விடாதீர்கள். முதலில் அது எந்தக் கலங்கல் என்று பாருங்கள். தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் மாவாகப் படிந்திருந்தால், ஒன்று சரியாகக் கழுவாத மணலின் தூசி; இல்லையென்றால் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) ஏற்றும் பவுடரை அள்ளிப் போட்டதில் பிரிந்து வந்த கால்சியம் கார்பனேட். ஃபில்டர் பஞ்சை மாற்றிக்கொண்டே வந்தால் போய்விடும். பச்சையாக இருந்தால் பாசி, விளக்கைக் குறையுங்கள். படியவே இல்லை, அப்படியே வெளுத்து நிற்கிறது என்றால் பாக்டீரியா.

புதுத் தொட்டியைப் பழக்குவதற்குக் காசிமேட்டு இறால் ஒன்றை உள்ளே போட்டு வைப்பவர்கள் உண்டு. அது அழுகி அம்மோனியா வரும், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளரும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் இறாலின் புரதத்தைத் தின்ன முந்திக்கொண்டு வருவது வேறு பாக்டீரியாக் கூட்டம். தீனி தாராளமாக இருந்தால் அது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகும், தண்ணீரில் மிதந்தபடியே பெருகும். கண்ணுக்குத் தெரியும் வெண்மை இதுதான். அம்மோனியாவைத் தின்பவை கல்லிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. இரட்டிப்பாக அரை நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் வெளுத்திருக்கிறது என்றால் அழுக்கு மிஞ்சிக் கிடக்கிறது, அதைச் செரிக்க வேண்டியவை இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள்.

இந்த மிதக்கும் கூட்டம் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கும். கடல்நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு: 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் ஏழரை மில்லிகிராம் தாங்கும், கடல்நீர் ஆறு சொச்சம்தான். மே மாதத்து வட சென்னை வீட்டில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே மிஞ்சிய இறாலை வெளியே எடுங்கள். ஏர் ஸ்டோன் இரவும் பகலும் ஓடட்டும், நீர்ப்பரப்பு கலகலவென்று குலுங்க வேண்டும். ஸ்கிம்மர் (நுரை கிளப்பி அழுக்கைப் பிரிக்கும் கருவி) இருந்தால் ஓயாமல் ஓட்டுங்கள். கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சை மட்டும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். எண்ணூர் முகத்துவாரத்திலோ துறைமுகத்து ஓரத்திலோ கடல்நீர் மொண்டு வர வேண்டாம். கழிவும் டீசலும் கூடவே வரும். குளோரின் நீக்கிய தண்ணீரில் லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் செயற்கைக் கடலுப்பு கலப்பதே நல்லது.

தண்ணீர் தெளிந்து, அம்மோனியாவும், அதைப் பாக்டீரியா தின்றதும் வரும் நைட்ரைட் என்ற நஞ்சும் டெஸ்ட் கிட்டில் அடுத்தடுத்து சில நாள் சுழியம் காட்டினால் மீன் வாங்கலாம்.

இனி அந்த பிளாஸ்டிக் கவர். கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி ஆக்சிஜனும் நிரப்பி ரப்பர் பேண்ட் போடுகிறார். உள்ளே மீன் செவுள் வழியாக அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் விட்டுக்கொண்டே இருக்கிறது. வாயு வெளியேற வழியில்லை. தண்ணீரில் கரைந்து அமிலமாகிறது. 8.2 இருந்த பிஎச், இரவு முழுக்கப் பார்சலில் வரும் கவரில் 7 வரை இறங்கிவிடும்.

அந்த இறக்கம்தான் மீனைக் காப்பாற்றுகிறது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு உருவில் இருக்கும். ஹைட்ரஜன் அயனி ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அம்மோனியம். மின்னூட்டம் உள்ளதால் செவுளின் சவ்வுக்குள் எளிதில் நுழையாது. அதை விட்டுவிட்டால் வெறும் அம்மோனியா. தடையின்றி ரத்தத்துக்குள் போகும். அமிலத் தண்ணீரில் ஹைட்ரஜன் அயனி நிறைய, ஆகவே அநேகமாக எல்லாமே அம்மோனியமாகக் கிடக்கும். 28 டிகிரி கடல்நீரில் பிஎச் 7 என்றால் நூறில் அரைப் பங்குதான் நச்சு உருவில் இருக்கும். 8.2 என்றால் ஏழெட்டுப் பங்கு. தன் மூச்சே தன் கழிவை அடக்கி வைக்க, மீன் மணிக்கணக்கில் பிழைத்து வருகிறது.

இப்போது கவரைத் திறந்து, ஏர் டியூப் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறீர்கள். கரியமில வாயு பறக்கிறது, தொட்டித் தண்ணீரும் சேர்ந்து பிஎச் ஏறுகிறது. கவரில் சேர்ந்திருந்த கழிவு அதேதான், ஒரு துளிகூடக் கூடவில்லை. ஆனாலும் அதன் நச்சுப் பங்கு பத்து மடங்குக்கு மேல் எகிறுகிறது. உள்ளிருந்து வெளியே போய்க்கொண்டிருந்த அம்மோனியா திசை மாறி உள்ளே பாய்கிறது. மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், செவுள் மூடி படபடக்கும். நிதானமாகப் பழக்குகிறோம் என்று ஒரு மணி நேரம் சொட்டு விடுவது, நீண்ட பயணம் வந்த மீனுக்கு இப்படித்தான் எமனாகிறது. கொளத்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்த கவரில் அவ்வளவு கழிவு சேர்ந்திருக்காது, அதற்குச் சொட்டு முறை சரி. வெளியூர்ப் பார்சலுக்குக் கூடாது.

பார்சல் மீனுக்கு இப்படிச் செய்யுங்கள். விளக்கை அணைத்து, கவரைத் திறக்காமலே 15, 20 நிமிடம் மிதக்க விடுங்கள், சூடு சமமாகட்டும். புது மீனை நோய் பார்க்கத் தனியே வைக்கும் தனிமைத் தொட்டியின் உப்பை முன்பே கடைக்காரரின் அளவுக்கு வைத்திருங்கள். ஒட்டுண்ணிக்குப் பயந்து உப்பைக் குறைத்து 1.018 அல்லது 1.020 ஒப்படர்த்தியில் (நன்னீரை 1 என்று வைத்து உப்பை அளக்கும் கணக்கு) மீன் வைக்கும் கடைகள் உண்டு, கேட்டுக்கொள்வது நல்லது. கவரைத் திறந்ததும், உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் கவர் தண்ணீர் ஒரு துளி விட்டுப் பாருங்கள். அளவு ஒத்துப்போனால் மீனை உடனே கையாலோ டப்பாவாலோ மாற்றிவிட்டு, கவர் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள். பிறகு நாளுக்கு 0.001 அல்லது 0.002 வீதம் 1.025 வரை ஏற்றுங்கள். உப்பு குறைவதை மீன் எளிதில் தாங்கும், திடீரென்று கூடுவதைத் தாங்காது. உடம்பின் நீரைக் கடல்நீர் உறிஞ்சிவிடும்.

மறுநாள் மீன் செத்தால், "வீட்டுக்கு வந்த திருஷ்டியை அது வாங்கிக்கொண்டது" என்பார்கள். இதைவிடத் தீங்கான ஆறுதல் இல்லை. அம்மோனியா கிட்டை எடுத்துப் பார்க்க வேண்டிய கை, பூசணிக்காய் வாங்கப் போகிறது. அடுத்த மீனும் அதே தண்ணீரில் சாகிறது. கிளவுன் மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது. அப்படிப் பிறந்த மீன் தொட்டிக்கும் தீனிக்கும் பழகியது, பவளப்பாறையிலிருந்து பிடித்து வந்ததும் அல்ல. அந்த ஆய்வுக்கு இன்னும் பணம் வேண்டும், கொளத்தூர் வளர்ப்பாளர்கள் வரை பயிற்சி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தனிமைத் தொட்டியில் ஒரு மாதம் நோய் பார்த்துவிட்டு, மீனைப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். இரண்டு மீனின் கழிவு சேர்ந்ததும் சில நாள் லேசாகக் கலங்கலாம். ஓரிரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள். கிட்டில் அம்மோனியா நிறம் ஏறினால் தீனியை நிறுத்தி, அதே உப்பளவில் கலந்த தண்ணீரைக் கால் பங்கு மாற்றுங்கள். அடுத்த மீனுக்கு மூன்று வாரமாவது போகட்டும்.