ஸ்மார்ட் போர்டும் கைகட்டி உட்காரும் வகுப்பும்

ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டால் வகுப்பறை நவீனமாகிவிடும் என்று நம்புகிறவர்கள், அது ஓடும் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பீரியட் உட்கார்ந்து பார்க்கலாம். கொஞ்ச நேரம் எல்லாக் கண்களும் திரையில் இருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாக நழுவும். முன்பு ஆசிரியர் பேச, பிள்ளைகள் கேட்டார்கள். இப்போது வீடியோ பேசுகிறது. யோசிக்கிற வேலை மட்டும் இன்னும் பிள்ளைகள் கைக்கு வரவில்லை.

நான் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். நேராக மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் (திசைவேகம் மாறும் வீதம்) என்ன? சமன்பாடுகளை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்களிலேயே பலர் சுழி என்பார்கள். சரியான விடை, கீழ்நோக்கி 9.8 மீ/வி². இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் தலையாட்டிவிட்டு, அடுத்த தேர்வில் மறுபடி சுழி என்றே எழுதுவார்கள்.

அதனால் விடையைச் சொல்வதில்லை. நான்கு விடைகளைப் பலகையில் எழுதி, ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது என்பேன். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில், பக்கத்தில் இருப்பவர் பார்க்காதபடி, விடை எண்ணை நெஞ்சருகே விரலால் காட்ட வேண்டும். அடுத்து, வேறு விடை காட்டிய ஒருவரைத் தேடிப் பேசி மாற்றப் பார்க்க வேண்டும். அங்கேதான் வகுப்பு சூடுபிடிக்கும். “வேகமும் சுழி, முடுக்கமும் சுழின்னா பந்து மேலேயே நிக்கணுமேடா!” என்று பக்கத்துப் பையன் கேட்கும் கேள்வி, என் அரை மணி நேர விளக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது. அவனுக்கு அந்தக் குழப்பம் தீர்ந்தே சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். எங்கே இடறும் என்று அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். இரண்டாம் முறை விரல் காட்டும்போது நிறைய விரல்கள் மாறியிருக்கும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை. ஏறக்குறைய எல்லாருமே சரியாகச் சொல்லும் கேள்வியில் விவாதிக்க ஒன்றுமில்லை. யாருக்குமே தெரியாத கேள்வியில் விவாதம் அரட்டையாகிவிடும். பாதிப் பேர் தடுமாறுகிற கேள்வியே இதற்கு ஏற்றது.

அந்த ஒரு நிமிட மௌனத்தைத் தாங்குவது ஆசிரியருக்குத்தான் கஷ்டம். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான் என்று 1970-களிலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். மூன்று விநாடியாவது காத்திருந்தால் பதில்கள் நீளமாகின்றன, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். இதற்குப் பைசா செலவில்லை.

மாணவர் கையில் வேலையைக் கொடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி முறையைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வந்த செயல்வழிக் கற்றலில் ஏணிப்படி (அடுத்தடுத்துக் கற்க வேண்டியதைக் காட்டும் படம்), அட்டைகள், பிள்ளை உயரத்துக்குத் தாழ்வான கரும்பலகை எல்லாம் இருந்தன. தொடக்க வகுப்பில் அப்படிப் படித்தவர்கள் மேலே வரும்போது கைகட்டி உட்கார வைத்துவிடுகிறோம்.

“போர்ஷன் முடியாதே சார்?” இதை என்னிடம் கேட்காத சக ஆசிரியர் இல்லை. நியாயமான பயம்தான், பொதுத்தேர்வு தலைக்கு மேல் இருக்கிறது. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, தேவையும் இல்லை. சூத்திரங்களைப் படிப்படியாக வருவிக்கும் பாடங்களை நானும் பழைய மாதிரியேதான் நடத்துகிறேன்.

திரையையும் ஒதுக்க வேண்டாம். சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) உருவகச் செயலிகள் இலவசம். ஆனால் ஓடவிடுவதற்கு முன் என்ன நடக்கும் என்று எல்லாரையும் நோட்டில் எழுத வைத்துவிடுங்கள். எழுதியவர்கள் தன் கணிப்பு சரியா என்று பார்க்கவாவது கண்ணை எடுக்க மாட்டார்கள்.

தொடங்க நினைப்பவர்களுக்குப் பாடத்துக்கு ஒரு கேள்வி போதும். தவறான விடைகளை உட்கார்ந்து கற்பனை செய்ய வேண்டாம். போன காலாண்டு விடைத்தாள்களைப் புரட்டினால் பிள்ளைகளே எழுதி வைத்திருப்பார்கள்.