பூச்சி உருண்டையை நம்பிய அலுமாரி

ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றின் ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பெட்டியொன்றைத் திறந்தேன். ஊசிகள் வரிசை குலையாமல் நின்றன. வண்ணத்துப்பூச்சிகளைத்தான் காணவில்லை. அடியில் உதிர்ந்த சிறகுகள், கபில நிறத் தூள், அந்தத் தூளுக்குள் மயிரடர்ந்த சின்னஞ்சிறு புழுத்தோல்கள். மூலையில் கரைந்து சிறுத்த பூச்சி உருண்டைகள் இரண்டு. "வருடம் தவறாமல் போடுகிறோமே, சேர்" என்றார் ஆசிரியை. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

தோல்வண்டின் புழு செய்த வேலை அது. உள்ளே குடியேறிவிட்ட புழுவை இரண்டு உருண்டை நப்தலீன் கொல்லாது. அந்த நெடி பிள்ளைகளின் மூச்சுக்கும் கெடுதி. பெட்டியைப் பொலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, -20 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டைகூட மிஞ்சாது. வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடாதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறகெல்லாம் நீர் வேர்த்துவிடும்.

ஈரம்தான் நமக்குப் பெரிய பகை. வைகாசி மழை தொடங்கினால் சுவரே கசியும் ஊர்கள் இவை. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே பூஞ்சணத்துக்கு வழி திறந்துவிடும். அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், அறையில் ஈரமானி ஒன்று மாட்டுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இறுக மூடிய பெட்டிக்குள்தான் பயன் தரும். பாடம் செய்த பழைய பறவை, விலங்குகளை வெறுங்கையால் தொடவே வேண்டாம். அந்தக் காலத்தில் ஆர்செனிக் என்ற நஞ்சைப் பூசுவார்கள்.

அதே அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு போத்தல். எதனோல் பாதியாக வற்றி, தவளையின் முதுகு வெளியே தெரிந்தது. வெளியே ஒட்டிய சீட்டில் பேனா மை முழுதாக மங்கியிருந்தது. உள்ளே கிடந்த சீட்டு பென்சிலில் எழுதியது: நானுஓயா, ஓடைக்கரை, தேதி. ஒவ்வோர் எழுத்தும் தெளிவு.

இடமும் தேதியும் இல்லாத தவளை ஆய்வுக்கு அநேகமாக உதவாது. 1872இல் அறிவியலுக்கு அறிமுகமான கண்டித் தேரை அழிந்துபோனதாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மறுபடியும் தென்பட்டது. அப்படித் திரும்பி வரும் உயிரை இன்னதென்று அடையாளம் காண, பழைய விவரிப்பும் எங்கோ ஒரு போத்தலில் பத்திரமாகக் கிடக்கும் பழைய உடல் மாதிரியும்தான் கைகொடுக்கும்.

70 சதவீத எதனோலை நிரப்பி மூடியை மாற்றினோம். தெளிவாக எழுதிய புதிய சீட்டு ஒன்றையும் போத்தலுக்குள் இட்டோம். பழையதை எடுத்துவிடலாமா என்று ஆசிரியை கேட்டார். வேண்டாம், இரண்டும் ஒன்றாகவே கிடக்கட்டும் என்றேன்.