தெரியும், ஆனாலும் போகவில்லை

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அம்மா கொழுந்தெடுக்கிறாங்க. வெத்தலை போட்டா வாயில புற்றுநோய் வரும்னு லயத்துக்கே பாடம் எடுப்பாங்க. இப்போ அவங்க கன்னத்துக்குள்ளேயே வெள்ளையா படை மாதிரி ஒன்னு. டிஸ்பென்சரியில பார்த்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டும் குடுத்தாச்சு. கேட்டா 'போறேன், போறேன்'ங்கிறாங்க. தெரிஞ்சும் ஏன் இப்படி?"

முதலில் அவசரமான பதில். இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண் ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. இவையெல்லாம் புற்றுநோய்தான் என்றில்லை. ஆனால் எது எது என்று வீட்டில் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

வெற்றிலையின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குற்றவாளி இலை அல்ல, பாக்கு. அதிலுள்ள அரெக்கோலின் என்ற பொருளைச் சுண்ணாம்பின் காரத்தன்மை விடுவிக்கிறது, அது வாயின் மெல்லிய தோல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. உடம்பு சூடாகிறது, வியர்க்கிறது, பசி மங்குகிறது. மழையில் நனைந்துகொண்டு மலையில் நிற்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. மூளையில் நிக்கோட்டின் போய் ஒட்டும் இடங்கள் சிலவற்றில் அரெக்கோலினும் ஒட்டுகிறது என்று 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 'சும்மா பழக்கம்' என்று இனிமேல் சொல்ல முடியாது. பாக்கு கன்னத்தின் உட்பகுதியை நார் நாராக இறுக வைக்கும். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பல் திடீரென்று தாங்க முடியாமல் எரிந்தால், மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட முடியாவிட்டால், அந்த இறுக்கம் தொடங்கியிருக்கலாம். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இலேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாவிட்டாலும், வெறும் பாக்கு மட்டும் என்றாலும் அதே கதைதான் என்று 2004இல் வெளியான அறிக்கை சேர்த்தது. 'நான் போயிலை போடுறதில்லையே' என்ற சமாதானம் அதோடு செல்லாமல் போனது.

சரி, இதெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியும். பிறகு ஏன் போகவில்லை?

இந்தக் கேள்விக்கு இலங்கையிலேயே பழைய சான்று உண்டு. சமன் வர்ணகுலசூரியவும் அவருடைய குழுவினரும் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு அது. கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, ஏறத்தாழ முப்பதாயிரம் பேரின் வாயைப் பார்க்க வைத்தார்கள். ஊழியர்கள் சந்தேகப்பட்ட இடங்களைப் பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் 'மேலே போய்க் காட்டுங்கள்' என்று அனுப்பப்பட்டவர்களில் பாதியை ஒட்டிய அளவினரே வந்தார்கள். வாயில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இவர்கள். பிற்காலத்தில் கேரளத்தில் நடந்த பெரிய ஆய்வு, இப்படி வாயைப் பார்ப்பதால் புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவதாக 2005இல் காட்டியது. பார்ப்பது பலன் தருகிறது. நோட்டீஸுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் இடையில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது.

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஒரு எளிய வேறுபாட்டைப் பிடித்தார். 'நான் கிளினிக்குக்குப் போவேன்' என்பது ஒரு வகை எண்ணம். 'சம்பளத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றியதும், அதே இடத்தில் நின்று ஹட்டன் பஸ்ஸைப் பிடிப்பேன்' என்பது வேறு வகை. இரண்டிலும் ஆசை ஒன்றுதான். இரண்டாவதில் ஒரு தருணமும் ஒரு செயலும் முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. 'இது நடந்ததும், இதைச் செய்வேன்', அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் ஷீரன், ஓர்பெல் என்ற உளவியலாளர்கள் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரவேண்டிய பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், எப்போது, எங்கே, எப்படி நேரம் குறிக்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களில் 92 சதவீதம் பேர் வந்தார்கள், எழுதாதவர்களில் 69. 2000இல் வெளியான முடிவு இது. மருந்தில்லை, பயமுறுத்தும் படமில்லை, கூடுதல் தகவல்கூட இல்லை. அதற்கு மூன்று வருடம் முன்பு மார்பகச் சுயபரிசோதனையில், செய்ய உறுதியாக நினைத்த பெண்களில் திட்டம் எழுதிய அனைவரும் செய்தார்கள், எழுதாதவர்களில் 53 சதவீதமே. (சுயபரிசோதனை மட்டும் மரணத்தைக் குறைப்பதில்லை என்று ஷாங்காய் ஆய்வு பின்னர் காட்டிவிட்டது. இங்கே நமக்கு வேண்டியது எண்ணம் எப்படிச் செயலாகிறது என்பதுதான்.)

ஒரு வரிக்கு இந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? உறுதி கூடியிருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். உறுதி ஏற்கெனவே இருந்தது, கூடியது அது அல்ல. மாறியது கவனம். நெதர்லாந்தில் 1999இல் நடந்த ஒரு சோதனையில், போகிற வழியில் ஒரு கூப்பனை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொன்னார்கள். திட்டம் போட்டவர்களுக்கு அந்த இடத்தைக் குறிக்கும் சொற்கள் திரையில் மின்னியபோது, மற்றவர்களைவிட வேகமாக அடையாளம் தெரிந்தன. கூப்பனை மறக்காமல் வாங்கியவர்களும் அவர்களே. அதாவது, மனம் அந்த அடையாளத்தை முன்கூட்டியே விழிக்க வைத்துவிடுகிறது. நாம் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாலும் அது கண்ணில் பட்டதும் செயல் தானாகக் கிளம்புகிறது.

இதைவிட அழகான சான்று 2001இல் வந்தது. மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்ட நோயாளிகளைக் கொண்டு லெங்ஃபெல்டரும் கோல்விட்சரும் செய்த சோதனை. யோசித்து, முடிவெடுத்து, தன்னைத்தானே கட்டுப்படுத்தும் வேலை இந்தப் பகுதியுடையது. அது பழுதானால் திட்டமிட்ட செயல்கள் தடுமாறும். திரையில் வரும் எண்களுக்குப் பொத்தானை அழுத்தச் சொல்லி, ஒரு குறிப்பிட்ட எண் வந்ததும் மிக வேகமாக அழுத்துவேன் என்று முன்கூட்டியே சொல்லிக்கொள்ளவும் வைத்தார்கள். இந்த நோயாளிகளும் அந்த எண்ணுக்கு வேகமாகவே அழுத்தினார்கள். கட்டுப்பாட்டு மையம் பழுதாகியும் திட்டம் ஓடியது! அப்படியென்றால் அந்த வரி மன உறுதியிடம் வேலை வாங்குவதில்லை, வேலையைச் சூழலிடம் ஒப்படைத்துவிடுகிறது. காலை ஏழரைக்கு மலையேறி, பொழுதெல்லாம் கொழுந்தெடுத்து, நிறுவை முடிந்து வீடு வந்து அடுப்பு மூட்டுகிறவரிடம் மாலையில் மன உறுதி எவ்வளவு மிஞ்சியிருக்கும்? அவரிடம் 'கொஞ்சம் மனசு வையுங்க' என்பது அநியாயம். அடையாளத்தை நம்புவதுதான் நியாயம்.

தோட்டத்து நாள் முழுக்க அடையாளங்கள்தான். பிரட்டு (காலையில் பேர் கொடுக்கக் கூடுவது), பத்து மணித் தேத்தண்ணி, நிறுவை, சம்பளம். நகரத்து அலுவலகக்காரருக்கு இவ்வளவு ஒழுங்கான நாள் கிடையாது. சம்பள நாளன்று முகம் கழுவியதும், டோர்ச் வெளிச்சத்தில் கண்ணாடி முன் வாயைத் திறந்து, இரண்டு கன்னம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, உதட்டின் உட்பக்கம் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மாதம் தவறாது. துண்டு கிடைத்த அம்மாவுக்கும் இப்படி ஒரு வரி எழுதலாம். என்றைக்கு, எந்த பஸ், யார் கூட வருவது, அன்றைக்குச் சமையல் யார். அவர் வாயாலேயே சொல்ல வேண்டும், பிள்ளைகள் எழுதிச் சுவரில் ஒட்டினால் அது வெறும் கட்டளை. தடங்கலுக்கும் ஒரு வரி வைக்கலாம்: 'மழை கொட்டி பஸ் ஓடாவிட்டால், அன்றைக்கே அடுத்த கிளினிக் நாளைக் கேட்டு வைப்பேன்.'

வெற்றிலையை விடுவதில்தான் ஒரு பொறி இருக்கிறது. 'தேத்தண்ணி குடித்ததும் வெத்தலை போடமாட்டேன்' என்று திட்டம் போடாதீர்கள். 'செய்யமாட்டேன்' என்று கட்டிய திட்டங்கள் சில நேரம் அந்தப் பழக்கத்தையே நினைவூட்டி எதிராகத் திரும்புகின்றன என்று 2011இல் ஆட்ரியான்சே குழுவினர் காட்டினார்கள். 'தேத்தண்ணி குடித்ததும் வாய் கொப்பளித்து ஒரு கராம்பு வாயில் போடுவேன்' என்று சொல்ல வேண்டும். அதே அடையாளம், வேறு செயல். ஆனாலும் பாக்கு அடிமையாக்கும் பொருள், ஒரு வரி மட்டும் போதாது. பசிபிக் கடலிலுள்ள குவாம், சைப்பான் தீவுகளில் புகைபிடிப்பதை நிறுத்தும் வகுப்புகள் போலவே பாக்குக்கும் வகுப்பு நடத்திப் பார்த்தார்கள், பலன் கிடைத்தது. இங்கே 2016இல் புகையற்ற புகையிலைப் பொருட்களைச் சட்டம் போட்டுத் தடுத்தோம். விட நினைப்பவருக்கு தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு வகுப்பு எங்கே? புதிய ஸ்கேன் இயந்திரத்துக்கு ரிப்பன் வெட்டலாம், படம் பிடிக்கலாம். ஒரு வரி எழுதிய கடதாசிக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? இந்த ஆராய்ச்சிக்குப் பணம் அதிகம் வராவிட்டால் இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். அன்றைய பேர் (வேலைநாள் கணக்கு) போய்விடும் என்ற பயத்தையும் எந்த வரியும் தீர்க்காது. கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டும் தோட்டத்தில் உளவியல் கொஞ்சத்தூரம்தான் ஓடும்.

'கத்தி பட்டால் பரவிடும்' என்ற பேச்சு ஒன்று. சந்தேகத்துக்கிடமான இடத்தில் சிறு துண்டெடுத்துப் பார்ப்பதால் வாய்ப்புற்றுநோய் கிளம்பி ஓடுவதில்லை. தாமதமாக வந்து, ஏற்கெனவே முற்றியவரைப் பார்த்துப் பிறந்த கதை அது. கோயிலில் மந்திரித்துத் திருநீறு போட்டுக்கொள்வதோடு எனக்குச் சண்டை இல்லை. திருநீறு பூசிய நெற்றியோடு அன்றைக்கே பஸ் ஏறினால் போதும்.

சிகிச்சை முடிந்தவர்களுக்கும் இதே அறிவியல்தான். 2025இல் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் மருந்தும் முடித்த 889 பேரில் பாதிப்பேருக்கு மூன்று வருடம் உடற்பயிற்சித் துணை கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும். எட்டு வருடத்தில் உயிரோடிருந்தவர்கள் 90.3 சதவீதம், புத்தகக் குழுவில் 83.2. துணை என்றால் பயிற்சியாளர் ஒருவர் அடிக்கடி சந்தித்து, நடையை எப்படி நாளுக்குள் புகுத்துவது என்று பேசுவது. அளவு, வாரத்தில் மூன்று நான்கு முறை முக்கால் மணி நேர வேக நடை போன்றது. மலைநாட்டில் ஏற்றம் வேறு, மூச்சு வாங்கும், வைத்தியரிடம் கேட்டுத் தொடங்குவது நல்லது. பழக்கம் தானாக ஓட எத்தனை நாளாகும் என்று லண்டனில் 2010இல் அளந்தார்கள். ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 என்ற கணக்கு, நடுவில் 66. இடையில் ஒரு நாள் தவறியது எதையும் கெடுக்கவில்லை.

வாய்ப்புற்றுநோய் தீர்ந்தவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கதிர்ச்சிகிச்சைக்குப் பிறகு தாடை இறுகும், திறக்கும் பயிற்சியை ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும். பல் துலக்கியதும் செய்வேன் என்று முடிச்சுப் போட்டுவிட்டால் தவறாது, எவ்வளவு அகலம் என்பதை மட்டும் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வெற்றிலை திரும்பவும் ஆகாது, ஏனென்றால் வாயில் ஒரு இடத்தில் வந்தவருக்கு மற்ற இடத்தில் புதிதாக வரும் வாய்ப்பு அதிகம்.